யூனிட் பொறுப்பாளர் ஆகிட்டீங்களா?
தினசரி நிர்வாகம் பற்றி ஒரு பாடம்



குழு நடத்துவது நமக்குப் புதுசு இல்லை. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே ஊக்குநர், பிரதிநிதி என்று நம் பெண்கள் பொறுப்பு எடுத்துப் பார்த்து வருகிறார்கள். கூட்டம் போடுவது, சேமிப்பு வாங்குவது, கடன் கொடுப்பது, தவணை வசூலிப்பது, தீர்மான நோட்டு எழுதுவது, பேங்குக்குப் போய் மேனேஜரிடம் பேசுவது எல்லாம் நமக்குக் கைவந்த வேலை. ஆனால் அதே குழு ஒரு மசாலா யூனிட்டோ, தையல் யூனிட்டோ ஆரம்பித்து, நம்மில் ஒருத்தரை "நீங்கதான் இனிமே பொறுப்பாளர்" என்று சொன்னதும் சங்கடம் தொடங்கிவிடுகிறது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். குழுக் கூட்டம் வாரத்துக்கு ஒரு மணி நேரம். வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் பேசி, எல்லோரும் சேர்ந்து முடிவு எடுக்கலாம். யூனிட் அப்படி இல்லை. தினமும் முழு நாள் வேலை. அரவை மிஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது கூட்டம் போட முடியாது. ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க செய்யணும். போன மாதம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளியவர், இன்றைக்கு "இது சரியில்லை, திரும்பச் செய்யுங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்கிறவர் சொந்த மதினியாக இருப்பார், இல்லையென்றால் அவசரத்துக்கு ஆயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தவராக இருப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்கணும். கம்பெனி மேனேஜருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. வேலை முடிந்தால் அவர் வண்டி ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவார்.

அதனால்தான் நம் பொறுப்பாளர்கள் பல பேர் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒன்று, பகை வேண்டாம் என்று எதையும் சொல்லாமல் விட்டுவிட்டு, ராத்திரி தனியாக உட்கார்ந்து எல்லாத்தையும் தானே சரி செய்வது. இல்லையென்றால் "பொறுப்பு கொடுத்தீங்கல்ல, நான் சொல்றதைக் கேளுங்க" என்று சத்தம் போடுவது. முதலாவதில் பொறுப்பாளர் உடம்பு கெட்டுப்போகும். இரண்டாவதில் யூனிட் உடையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது பிறவியிலேயே வர வேண்டிய திறமை இல்லை, தினமும் செய்யச் செய்யப் படியும் பழக்கம். மசாலாப்பொடி யூனிட்டை உதாரணமாக வைத்துப் பேசுவோம். மற்ற யூனிட்காரர்கள் உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொள்ளுங்கள்.

காலையில் பத்து நிமிஷம்

வேலை தொடங்கும் முன்னால் எல்லோரும் நின்றபடியே பத்து நிமிஷம் பேசிவிடுவது நல்லது. உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும்! நேற்று என்ன பாக்கி, இன்றைக்கு என்ன வேலை, யார் எதைப் பார்ப்பது, எதில் தடங்கல் வரும். இவ்வளவுதான். "இன்னிக்கு மல்லி 20 கிலோ வறுக்கணும், நேத்து அரைச்ச மிளகாய்ப்பொடி ஆறியிருக்கு, அதைச் சலிச்சு பாக்கெட் போடணும், ரெண்டு மணிக்குக் கரண்ட் நிக்கும்னு சொல்லியிருக்காங்க, அதனால அரவையை முன்னாடியே முடிச்சிடுவோம்." இப்படிச் சொல்லிவிட்டால் நாள் முழுக்க "அடுத்து என்ன செய்ய?" என்று பன்னிரண்டு பேரும் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. எதற்காக அப்படிச் செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பொடி ஆறாம பாக்கெட் போடாதீங்க" என்று மட்டும் சொன்னால் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். "சூட்டோட கவர்ல போட்டு ஒட்டினா உள்ளே வேர்த்து, பொடி கட்டி பிடிச்சு, பூஞ்சணம் வந்திடும், கடைக்காரர் அத்தனையும் திருப்பி அனுப்பிடுவார்" என்று சொன்னால் நீங்கள் இல்லாத நாளிலும் பொடி ஆறிய பிறகுதான் கவரில் போகும். காரணம் தெரிந்தவருக்கு மேற்பார்வை குறைவாகத்தான் தேவைப்படும்.

குறையை எப்படிச் சொல்வது?

இதுதான் எல்லோரும் எங்களிடம் கேட்கிற கேள்வி. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மிளகாய்ப்பொடி 100 கிராம் பாக்கெட். கவர் மட்டும் 3 கிராம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாக்கெட் மேல் நாம் போடுவது நிகர எடை, அதாவது உள்ளே இருக்கிற பொடியின் எடை மட்டும். அப்படியென்றால் ஒட்டிய பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 103 காட்டணும். ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் போட்ட பாக்கெட்டை நீங்கள் எடுத்து வைத்துப் பார்க்கிறீர்கள், 100 தான் காட்டுகிறது. ஒரு பாக்கெட்டுக்கு 3 கிராம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆயிரம் பாக்கெட்டுக்கு 3 கிலோ. வாங்கினவர்களை 3 கிலோவுக்கு ஏமாற்றியதாகத்தான் கணக்கு, நாம் மனசறிந்து செய்யவில்லை என்றாலும். எடை ஆய்வாளர் வந்து பார்த்தால் சட்டப்படியும் குற்றம்.

இப்போது எடை போட்டவரிடம் என்ன சொல்வீர்கள்?

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? கவனமே இல்லை. உங்களால ஆர்டரே போகப்போகுது!" இதைப் பதினொரு பேர் முன்னால் சொன்னால் என்ன நடக்கும்? அந்த அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வார். இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு நாளைக்கு வரமாட்டார். இரண்டிலும் எடை சரியாகவில்லை, பாருங்கள்.

அதையே தனியாகக் கூப்பிட்டு, பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். "அக்கா, இந்த அஞ்சு பாக்கெட்டும் 100 தான் காட்டுது. 103 வரணும். காலையில போட்டதெல்லாம் சரியா இருக்கு. மத்தியானம் என்ன ஆச்சுன்னு சேர்ந்து பார்ப்போமா?"

இந்த நாலு வரியில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாக்கெட்டைப் பற்றித்தான் பேச்சு. "எப்பவும்", "எத்தனை தடவை" என்று பழசைக் கிளறவில்லை. காலையில் சரியாகச் செய்ததையும் சொல்லியிருக்கிறோம். கடைசியில் முடிவைச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு ரொம்பப் பலன் உண்டு, ஏனென்றால் காரணம் அநேகமாக அவருக்குத்தான் தெரியும். "ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிட்டு வந்துச்சுல்ல, தராசு அணைஞ்சு எரிஞ்சுது" என்பார். விஷயம் வெளியே வந்துவிட்டது! காலையில் காலிக் கவரை வைத்து பூஜ்யம் ஆக்கியிருந்தோம். தராசு அணைந்ததும் அது அழிந்துவிட்டது. திரும்ப வைக்கவில்லை. இதில் கவனக்குறைவு கொஞ்சம்தான், யாரும் சொல்லித் தராதது அதிகம்.

இனி தீர்வு சுலபம். கரண்ட் வந்த ஒவ்வொரு தடவையும் காலிக் கவர் வைத்துப் பூஜ்யம் ஆக்கணும். ஐம்பது பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்டைத் திரும்ப எடை பார்க்கணும். அதை யார் பார்ப்பது? அந்த அக்காவிடமே கொடுங்கள். குறை எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்துக்கே அவரைக் காவலாக வைத்தால் அவமானம் போய் அக்கறை வரும். குறைவாக இருக்கிற பாக்கெட்டை எல்லோரும் சேர்ந்து பிரித்துத் திரும்பப் போடுங்கள். அவரை மட்டும் தனியாக உட்கார வைத்துச் செய்யச் சொல்ல வேண்டாம். மறுநாள் காலைப் பேச்சில் பேர் சொல்லாமல், "கரண்ட் போய் வந்தா தராசைப் பூஜ்யம் ஆக்கணும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துக் கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு பக்குவமாகச் சொல்லியும் ஒருத்தர் திரும்பத் திரும்ப அதையே செய்தால்? அப்போது பக்குவம் மட்டும் போதாது. இரண்டாவது முறை தனியாக, தேதியோடு, என்ன மாறணும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றாவது முறை குழுக் கூட்டத்தில் வையுங்கள். நீங்கள் தனியாக ஆளை நிறுத்தவும் வேண்டாம், தனியாக மன்னிக்கவும் வேண்டாம். முடிவு குழுவுடையது, தீர்மான நோட்டில் ஏறியது என்றால் குழாயடியில் உங்களை மட்டும் பார்த்து யாரும் முகம் திருப்ப முடியாது.

பாராட்டையும் சொல்லத்தான் வேண்டும். குறையைத் தனியாகச் சொல்கிற நாம், பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்லலாம். "நல்லா செஞ்சீங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நேத்து மல்லி ஒரு விதைகூடக் கருகலை, வாசம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். நம் வீடுகளில் இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழகாத பெண்கள் நிறைய.

கூட்டுவதும் கழுவுவதும் யார் தலையில்?

இதைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். பேசாமல் விட முடியாது.

உங்கள் யூனிட்டில் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். தரையைக் கூட்டுவது யார்? மிஷின் கழுவுவது யார்? தண்ணீர் தூக்குவது யார்? தினமும் அதே இரண்டு பேர் என்றால், அந்த இரண்டு பேர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். காலனியிலிருந்து வருகிற பெண்ணின் கைக்குத் துடைப்பம் தானாகப் போயிருக்கும். டீ டம்ளரும் தனியாக ஒதுங்கியிருக்கும். எல்லோரும் ஒரே தொகை சேமித்து, ஒரே கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். லாபத்தில் சமம், துடைப்பத்தில் மட்டும் சமம் இல்லையா?

இதற்குப் பிரசங்கம் தேவையில்லை. சுவரில் ஒரு சுற்றுப் பட்டியல் ஒட்டினால் போதும். காம்பு கிள்ளுவது, வறுப்பது, சலிப்பது, எடை, ஒட்டுவது, கூட்டிக் கழுவுவது. வாரம் ஒரு முறை மாற்றம். முதல் வாரம் துடைப்பம் எடுக்கிற பெயர் பொறுப்பாளருடையதாக இருக்கட்டும். பொறுப்பாளரே எடுத்த பிறகு "நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். யாராவது சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். முதுகு வலி, ஆபரேஷன் செய்த உடம்பு என்றால் மாற்றிக் கொடுக்கலாம். மற்ற காரணத்துக்கு மாற்றக் கூடாது.

சுற்று முறையில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மிளகாய்க் காம்பு கிள்ளினால் ராத்திரி வரைக்கும் கை எரியும், தும்மல் நிற்காது. பாக்கெட் ஒட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. இதில் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி வைத்து, காம்புக்கு நாள் கூலி வைத்தால் எல்லோரும் ஒட்டுகிற மிஷின் பக்கம்தான் போவார்கள். வேலை மாறி மாறி வரும்போது கஷ்டமும் கூலியும் சேர்ந்தே மாறும். கையுறையும் மூக்குத் துணியும் யூனிட் செலவில் வாங்குங்கள், அவரவர் பொறுப்பு என்று விடாதீர்கள்.

அப்பளம் போட்ட ஏழு பேர்

இதையெல்லாம் படித்தவர்கள்தான் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். லிஜ்ஜத் அப்பளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 மார்ச் 15-ம் தேதி, மும்பையில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில், ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலு பாக்கெட். முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நாலு மாதம் வேலையே நின்றுபோனது. அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. நம் வீட்டுப் பெண்கள் யோசிக்கிற மாதிரியான யோசனைதான்!

ஆரம்பத்தில் மட்டமான ரகம் ஒன்றையும் குறைந்த விலைக்குப் போட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த சகன்லால் பாரேக், ஒரே தரம், நல்ல தரம், அதில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள் என்றார். அதைப் பிடித்துக் கொண்டார்கள். பின்னால் அது பல்லாயிரம் பெண்கள் வேலை செய்கிற அமைப்பாக வளர்ந்தது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் பாடத்துக்கு வேண்டியது வேறொன்று. அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் உரிமையாளர், எல்லோரையும் 'பென்', அதாவது சகோதரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிளையை நடத்துகிற பெண்ணுக்கு 'சஞ்சாலிகா' என்று பெயர். அவரும் உறுப்பினர்களில் ஒருவர்தான். பெயர் சகோதரி, ஆனால் அப்பளத்தின் தரத்தில் சகோதரி என்று சலுகை கிடையாது. உறவும் கண்டிப்பும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

சொந்தக்காரர் லேட்டாக வந்தால்

சட்டென்று சொல்லிவிடலாம். வருகை நோட்டு எல்லோருக்கும் ஒன்று. உங்கள் தங்கச்சி அரை மணி லேட்டு என்றால் அவர் பெயருக்கு நேராகத்தான் முதலில் எழுதணும். மாமியார் கோபித்துக் கொள்வார், பரவாயில்லை.

ஆனால் லேட்டுக்குக் காரணம் கேட்பதை விட்டுவிட வேண்டாம். ஒரு உறுப்பினர் தினமும் ஒன்பதரைக்கு வருகிறார் என்றால், பெரும்பாலும் ஸ்கூல் பஸ்ஸோ, பால் கறப்பதோ, படுக்கையில் இருக்கிற மாமனாரோ இருக்கும். அவருக்கு ஒன்பதரைக்கு ஆரம்பித்து சாயங்காலம் அரை மணி கூட வேலை என்று வைத்துக்கொண்டால் தினமும் சண்டை இல்லை. இந்த மாற்றமும் நோட்டில் எழுதி, எல்லோருக்கும் தெரிந்து நடக்கணும். ரகசியமாகக் காட்டுகிற சலுகைதான் பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

பணக் கணக்கும் அப்படித்தான். வாரத்துக்கு ஒரு நாள், எவ்வளவு சரக்கு வாங்கினோம், எவ்வளவு விற்றது, கடையில் எவ்வளவு பாக்கி, தவணைக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத உறுப்பினருக்கும் காது கேட்கும். ஆர்டர் பேசுவதற்கு உங்கள் வீட்டுக்காரர் போனில் பேசுகிறார், விலை முடிக்கிறார் என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். உதவி செய்யட்டும், வண்டி ஓட்டட்டும். விலை முடிப்பது யூனிட்.

பெண்களின் பாதுகாப்பு

சரக்கு ஏற்ற வருகிறவர், மிஷின் ரிப்பேர்க்காரர், வாங்க வருகிற வியாபாரி, யாராக இருந்தாலும் நம் உறுப்பினரிடம் தப்பாகப் பேசினாலோ நடந்தாலோ, "ஆர்டர் போயிடும், பொறுத்துக்க" என்று பொறுப்பாளர் சொல்லக் கூடாது. 2013-ல் வந்த சட்டப்படி பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. பெண்கள் உதவி எண் 181-ஐ யூனிட் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னொருத்தர்

நீங்கள் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் யூனிட் நடக்குமா? இல்லை என்று பெருமையாகச் சொல்கிற பொறுப்பாளர்கள் உண்டு. அதில் பெருமை இல்லை. சாவி, நோட்டு, கடைக்காரர் நம்பர், மிஷின் பெல்ட் எங்கே கிடைக்கும் என்பது, இது எல்லாம் ஒரே தலையில் இருந்தால் அந்தத் தலைக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கூலி இல்லை. மாதத்தில் இரண்டு நாள் வேறொருவரைப் பொறுப்பில் விட்டு, நீங்கள் காம்பு கிள்ள உட்காருங்கள். நடுவில் எழுந்துபோய்த் திருத்தாதீர்கள். அதுதான் கஷ்டம்! அவர் கொஞ்சம் தடுமாறுவார், அன்றைக்கு இருபது பாக்கெட் குறையும். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பேசிக் கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் இந்த வரிசையில் சேருங்கள். கணக்கு எழுதப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும், வேலையை ஓட்டுகிற திறமை வேறு.

குழுவில் பேச

வருகிற கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் பொறுப்பாளராகவும், ஒருவர் வறுக்கும்போது மல்லியைக் கருகவிட்ட உறுப்பினராகவும் நடித்துப் பாருங்கள். அடுத்தது இடம் மாறி நடியுங்கள். எந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது, எந்த வார்த்தையைக் கேட்டதும் "சரி, மாத்திக்கிறேன்" என்று தோன்றியது என்பதை ஒவ்வொருவரும் சொல்லணும். சிரிப்பு வரும், வரட்டும்.

யூனிட் நடத்துகிற குழுக்கள் சுற்றுப் பட்டியல் போட்டு, யார் எந்த வாரம் எந்த வேலை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். எழுதியதை ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.